கப்பல் எவ்ளோ தூரத்துல நிக்குது? (சில்வர் பீச், கடலூர்)

கெடிலக்கரை | ஞாயிறு இரவு 9:40

நேத்து சாயங்காலம் பையனோட தேவனாம்பட்டினம் போயிருந்தேன். நேர் கிழக்கால ஒரு சரக்குக் கப்பல் நங்கூரம் போட்டு நின்னுச்சு. "அப்பா, அது எவ்ளோ தூரம்?"னு கேட்டான். அஞ்சு கிலோமீட்டர் இருக்கும்னு அடிச்சு விட்டேன். பக்கத்துல சுண்டல் விக்கிற அம்மா "இருபது இருக்கும் சார்"னாங்க. பையன் ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துட்டு, "யாருக்குமே தெரியாதா?"னு கேட்டுட்டான். மானம் போச்சு.

வீட்டுக்கு வந்து யோசிச்சேன். பள்ளிக்கூடத்துல படிச்ச முக்கோணம் ஞாபகம் வந்துச்சு. இன்னைக்குத் திரும்பப் போய், போன்ல இருக்கிற திசைகாட்டியை வெச்சு ஒரு இடத்துல கோணம் பார்த்தேன். கரையோரமா 600 மீட்டர் தெற்கால நடந்து இன்னொரு கோணம் பார்த்தேன். வித்தியாசம் 5 டிகிரி. கணக்குப் போட்டா 7 கி.மீ.க்குக் கொஞ்சம் கம்மி. சந்தேகம் வந்து அதே மாதிரி இன்னொரு தடவை நடந்தேன். வித்தியாசம் 2 டிகிரி. இப்ப 17 கி.மீ.! கப்பல் அசையவே இல்லை. எங்கே தப்பு பண்ணேன்?

இன்னொண்ணு. கப்பலோட அடிப்பக்கம் தண்ணிக்குள்ள அமுங்கின மாதிரி தெரிஞ்சது. அது கண்ணோட கோளாறா, நிஜமா?

பாகூர்க்காரன் | ஞாயிறு 9:52

அண்ணே, கப்பல் பார்க்கிற ஆப் ஒண்ணு இருக்கு. அதுல தட்டுனா பேரு, நீளம், எங்கேர்ந்து வருது, எங்க நிக்குது எல்லாம் வந்துடும். 600 மீட்டர் மணல்ல ரெண்டு தடவ நடந்தீங்களா? 😂

கெடிலக்கரை | ஞாயிறு 9:58

ஆப் இருக்குன்னு தெரியும்யா. பையன் அடுத்த கேள்வி "ஆப்புக்கு யாரு சொன்னா?"ன்னு கேப்பான். அதுக்குத்தான் இங்க வந்தேன்.

ஓய்வுபெற்ற_வாத்தி | ஞாயிறு 10:31

நல்ல கேள்வி. முப்பது வருடம் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுத்தவன் நான். ஒரு மாணவன்கூட இப்படி மணலில் நடந்து பார்த்துவிட்டு வந்து கேட்டதில்லை.

முதலில் அந்த "அமுங்கின" விஷயம். கண் கோளாறு இல்லை. நீங்கள் கரையில் நிற்கும்போது உங்கள் கண் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று பாருங்கள். அந்த எண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து 3.57-ஆல் பெருக்கினால் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வந்துவிடும். தண்ணீர் ஓரத்தில் நிற்கும் ஆளுக்குக் கண் உயரம் 1.6 மீட்டர் என்றால், தொடுவானம் வெறும் 4.5 கி.மீ. தூரத்தில் முடிந்துவிடுகிறது. பெரும்பாலோர் கடலைப் பார்த்து 'கண்ணுக்கெட்டிய தூரம்' என்பது ஐம்பது, நூறு கிலோமீட்டர் என்று நினைக்கிறார்கள். திருப்பாதிரிப்புலியூர் ஸ்டேஷனிலிருந்து கடற்கரைக்குப் போகிற தூரத்தைப் போல அதுவும் ஒரு சின்ன தூரம்தான்.

தொடுவானத்துக்கு அப்பால் நிற்கும் எதுவும் அடியிலிருந்து மறைய ஆரம்பிக்கும். எனவே உங்கள் கப்பல் 5 கி.மீ. இல்லை, அதற்கும் அப்பால். பையனிடம் சொன்னது அந்த அளவில் தப்பு.

சோதித்துப் பாருங்கள். மணல் மேட்டில் நின்று ஒரு தடவை பாருங்கள். அப்புறம் அலை ஓரத்தில் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து பாருங்கள். பைனாகுலர் இருந்தால் நல்லது. கப்பலின் அடிப்பகுதியில் சிவப்புப் பெயின்ட் பட்டை இருக்கும். நின்றால் தெரிவது, உட்கார்ந்தால் தெரியாமல் போக வேண்டும்.

வலைக்காரர்_மகன் | ஞாயிறு 11:05

மீன்பிடித் தடைக்காலம். போட்டு கரையில ஏறி நிக்குது. கையில நேரம் இருக்கு, அதான் எழுதுறேன்.

நாங்க கடல்ல கிலோமீட்டர் பேசமாட்டோம். "எவ்ளோ தூரம் போனே"ன்னு கேட்டா "ரெண்டு மணி நேர ஓட்டம்"னுதான் பதில். இல்லன்னா "இத்தனை பாகம் தண்ணி"ன்னு ஆழத்தைச் சொல்லுவோம். ரெண்டு கையையும் விரிச்சா வர்ற நீளம் ஒரு பாகம். எங்க தாத்தா கயித்துல ஈயக்கட்டி விட்டு, இழுக்கும்போது கை விரிச்சு விரிச்சு எண்ணுவாராம். இப்ப எக்கோ சவுண்டர் வந்துடுச்சு. திரையில பாகம், மீட்டர் ரெண்டும் காட்டும்.

இடத்தைப் புடிக்க கரை அடையாளம் பாப்போம். கோயில் கோபுரத்துக்கு நேரா செல்போன் டவர் வந்துச்சுன்னா ஒரு கோடு. வேற பக்கம் ஒரு பனைமரமும் தண்ணித் தொட்டியும் ஒண்ணு மேல ஒண்ணு வந்துச்சுன்னா இன்னொரு கோடு. ரெண்டு கோடும் சேர்ற எடத்துலதான் பாறை, மீனு. கோணமும் வேணாம், திசைகாட்டியும் வேணாம். பக்கத்து ஊர்க்காரனுக்கு அடையாளத்தைச் சொல்லவும் மாட்டோம் 😄

சங்கிலிஅக்கா | திங்கள் காலை 7:12

சர்வே துறையில இருபத்திரண்டு வருஷம். தம்பி கெடிலக்கரை, நீங்க பண்ணது சரியான முறை. அடிக்கோடு, அதாவது நீங்க நடந்த 600 மீட்டர், அது மட்டும் பத்தல.

11, 12 கி.மீ.ல கப்பல் இருக்குன்னு வெச்சுக்குங்க. 600 மீட்டர் அடிக்கோட்டுக்குக் கப்பல்கிட்ட உண்டாகிற கோணம் மொத்தமே 3 டிகிரிதான். உங்க போன் திசைகாட்டி பக்கத்துல ஒரு பைக் நின்னா 2 டிகிரி ஆடும். 3-ல 2 தப்புன்னா அது அளவே இல்ல. 5-ன்னு காட்டினா 7 கி.மீ., 2-ன்னு காட்டினா 17 கி.மீ. ரெண்டு தடவையும் உங்க கணக்குல பிசகு இல்ல, கோணத்துலதான்.

எங்க வேலையில இதுதான் முதல் பாடம். தூரத்தை விரிச்சு அளக்கிறது ஒரே ஒரு கோடுதான். அதுக்கப்புறம் எல்லாம் கோணம். 1802-ல சர்வேயர் லாம்டன் பரங்கிமலைகிட்ட ஏழு மைலுக்கு மேல சங்கிலி போட்டு அளந்தார். அந்த ஒரு கோட்டை வெச்சுத்தான் முக்கோணம் முக்கோணமா இந்தியா முழுக்கக் கொண்டு போனாங்க. அந்தச் சங்கிலி மேல வெயில் படாம கூடாரம் கட்டி, பக்கத்துல தெர்மாமீட்டர் வெச்சு அளந்திருக்காங்க. ஏன்னு கேட்டா, 30 மீட்டர் எஃகு டேப் 20 டிகிரி சூடேறினா 7 மில்லிமீட்டர் நீளும். சித்திரை வெயில்ல வடலூர் பக்கம் டேப் புடிச்சவங்களுக்குத் தெரியும், தொடவே முடியாது.

தியோடலைட்டை (கோணம் அளக்கிற கருவி) தஞ்சாவூர் பெரிய கோயில் கோபுரத்து மேல ஏத்துறப்ப கயிறு நழுவி சுவத்துல மோதிடுச்சு. 1808. அரை டன் எடை. லாம்டன் கருவியைத் திரும்பச் சரிபண்ணினாராம். இப்ப எங்க ஆபீஸ்ல டோட்டல் ஸ்டேஷன் (இந்தக் காலத்து அளவுக் கருவி) கீழ விழுந்தா மெமோதான்.

சென்ட் கணக்கு தெரிஞ்சவங்களுக்கு ஒரு தகவல். ஒரு சென்ட் 435.6 சதுர அடி. ஏன் இந்த ரெண்டுங்கெட்டான் எண்? பழைய சர்வே சங்கிலி 66 அடி, அதுல 100 கண்ணி. பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். ஏக்கருல நூத்துல ஒண்ணு சென்ட். மனையை வாங்குறப்ப நாம கொடுக்கிற காசு இன்னும் அந்தச் சங்கிலிக்குத்தான்.

பாகூர்க்காரன் | திங்கள் 7:40

அக்கா, இத யாரும் பத்திர ஆபீஸ்ல சொன்னதே இல்ல.

கெடிலக்கரை | திங்கள் இரவு 8:15

வாத்தி ஐயா, சோதனை பண்ணேன்!! அஞ்சரை மணி, வெயில் பின்னாடி இருந்து கப்பல் மேல நல்லா அடிச்சுது. மச்சானோட பைனாகுலர். மணல் மேட்டுல நின்னு பார்த்தா, சிவப்புப் பட்டை தண்ணிக்கு மேல மெல்லிசா ஒரு கோடு மாதிரி தெரியுது. அலை ஓரத்துல உட்கார்ந்தேன். பட்டை காணோம். கறுப்பு மட்டும்தான். எழுந்தா சிவப்பு, உட்கார்ந்தா கறுப்பு. பையன் பத்து தடவை எழுந்து உட்கார்ந்தான். சுண்டல்காரம்மா எங்களை ஒரு மாதிரி பார்த்தாங்க. பேன்ட் முழுக்க ஈரம். பூமி உருண்டைன்னு நாற்பது வயசுல முட்டி வலியோட தெரிஞ்சுக்கிட்டேன்.

ஓய்வுபெற்ற_வாத்தி | திங்கள் 8:50

சபாஷ். அடுத்தது, ஒரு ஸ்கேல் எடுத்துப் போங்கள். கையை நேராக நீட்டி, கப்பல் எத்தனை மில்லிமீட்டர் நீளம் தெரிகிறது என்று பாருங்கள். கண்ணிலிருந்து ஸ்கேல் வரைக்கும் உள்ள தூரத்தையும் அளந்துகொள்ளுங்கள். கப்பலின் நிஜ நீளம் பாகூர்க்காரர் சொன்ன ஆப்பில் இருக்கும். வடிவொத்த முக்கோணக் கணக்குதான்.

கெடிலக்கரை | செவ்வாய் இரவு 7:30

நீளம் 180 மீட்டர்னு ஆப்ல போட்டிருக்கு. என் கை நீட்டினா கண்ணுக்கும் ஸ்கேலுக்கும் 58 செ.மீ. (பையன் டேப் புடிச்சான்). கப்பல் 9 மி.மீ. தெரிஞ்சுது. ஆக 180 × 580 ÷ 9 = 11,600 மீட்டர். 11.6 கி.மீ.!

இப்ப ஆப்ல கப்பல் நிக்கிற இடத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டேன். 11.1 கி.மீ.

ஸ்கேலும் கையும் வெச்சு அரை கிலோமீட்டர்தான் தப்பு. பள்ளிக்கூடத்துல இதைச் சொல்லிக் கொடுத்திருந்தா நான் காமர்ஸ் எடுத்திருக்க மாட்டேன்.

வலைக்காரர்_மகன் | செவ்வாய் 7:58

அந்த அரை கிலோமீட்டர் தப்பு உங்க மேல இல்ல. நங்கூரம் போட்ட கப்பல் சும்மா நிக்காது. நீரோட்டமும் காத்தும் எந்தப் பக்கத்துலேர்ந்து வருதோ, அந்தப் பக்கம் மூக்கைத் திருப்பிக்கும். இப்ப நீவாடு (நீரோட்டம்) தெக்கேர்ந்து வடக்கால ஓடுது. அதனால கப்பல் தெக்கப் பார்த்து நிக்கும். கரையிலேர்ந்து முழு நீளமும் தெரியும். ஆனா சாயங்காலம் கடக்காத்து அடிக்குதுல்ல, அது மூக்கைக் கொஞ்சம் கிழக்கால தள்ளும். கோணலா நிக்கிற கப்பல் குட்டையா தெரியும். குட்டையா தெரிஞ்சா தூரம் ஜாஸ்தின்னுதான் வரும்.

சங்கிலிஅக்கா | செவ்வாய் 8:20

அண்ணன் சொல்றது சரி. 17 டிகிரி கோணலா நின்னாலே இந்த வித்தியாசம் வந்துடும். கூடவே, 9 மி.மீ.ங்கிறதுல அரை மில்லிமீட்டர் அங்க இங்க போனா 11-லேர்ந்து 12.3 வரைக்கும் ஆடும். அதனால "11.6"ன்னு சொல்லாதீங்க. "பதினொண்ணு, பன்னெண்டு கிலோமீட்டர்"னு சொல்லுங்க. புள்ளிக்கு அப்புறம் எழுதுற எண்ணுக்கு ஒரு யோக்கியதை வேணும்.

வாத்தி ஐயாவுக்கும் ஒரு திருத்தம். 3.57 வெறும் வடிவியல். கடலுக்கு மேல காத்து ஒளியைக் கொஞ்சம் கீழ்ப்பக்கம் வளைக்கும். அதையும் சேர்த்தா 3.8-ஐ ஒட்டி வரும். தொடுவானம் கொஞ்சம் தள்ளிப் போகும்.

ஓய்வுபெற்ற_வாத்தி | செவ்வாய் 8:41

ஏற்றுக்கொள்கிறேன். வகுப்பில் காற்றை விட்டுவிடுவோம், கடலில் முடியாது.

முத்தியால்பேட்டை_நைனா | செவ்வாய் 10:10

எல்லாரும் அறிவாளியா பேசிக்கினு இருக்கீங்க. எனக்கு ஒரு டவுட்டு. கடல் 'மட்டம்'னு சொல்றோம். கொத்தனார் டியூப்புல தண்ணி ஊத்தித்தான் மட்டம் பாக்கறாரு. தண்ணியே வளைஞ்சு இருந்தா அப்புறம் மட்டம்னா இன்னா?

ஓய்வுபெற்ற_வாத்தி | செவ்வாய் 11:02

நைனா, இந்த இழையிலேயே கனமான கேள்வி இதுதான்.

மட்டம் என்றால் நேர்க்கோடு என்று பொருள் இல்லை. மட்டம் என்றால் தூக்குக்குண்டுக்குச் செங்குத்து. தூக்குக்குண்டு எந்தப் பக்கம் தொங்கும்? ஈர்ப்பு விசை இழுக்கிற பக்கம், அதாவது கிட்டத்தட்ட பூமியின் நடு. தண்ணீரும் அதே விசைக்குத்தான் அடங்குகிறது. மேடு இருந்தால் வழிந்து பள்ளத்துக்குப் போகும். இனி வழிய இடமில்லை என்னும்போது நிற்கும். அப்படி நின்ற பரப்புதான் மட்டம். கொத்தனாரின் டியூபில் பத்தடிக்கு அந்த வளைவு தெரியாது, அவ்வளவுதான்.

கடலூரில் ஒரு தூக்குக்குண்டு, புதுச்சேரியில் ஒரு தூக்குக்குண்டு தொங்கவிடுங்கள். இரண்டும் இணையாக இருக்காது. கடற்கரையிலிருந்து கடற்கரைக்கு நேர்க்கோட்டில் 20 கி.மீ. சொச்சம். கோண வித்தியாசம் 0.18 டிகிரி வரும். இரண்டு ஊரிலும் 40 மீட்டர் உயரத்துக்குத் தூக்குக்குண்டு பிடித்துக் கோபுரம் கட்டினால், அடியில் இருக்கும் இடைவெளியைவிட உச்சியில் சுமார் 12-13 செ.மீ. அதிகம் இருக்கும். எந்தக் கொத்தனார் மேலும் தப்பு இல்லை.

அந்த விசையின் அளவும் எல்லா ஊரிலும் ஒன்று இல்லை. பூமி சுழல்வதாலும், நடுவில் கொஞ்சம் உப்பி இருப்பதாலும் நிலநடுக்கோட்டை நெருங்க நெருங்கக் குறையும். 1672-ல் ரீஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸிலிருந்து ஊசல் கடிகாரத்தைத் தென்னமெரிக்காவில் கயேனுக்கு எடுத்துப் போனார். அங்கே அது நாளுக்கு இரண்டரை நிமிடம் மெதுவாக ஓடியது. கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைக்காமல், பூமியின் மேல் சந்தேகப்பட்டதுதான் பெரிய விஷயம். நம் ஊரில் விழும் பொருளின் முடுக்கம் 9.782, டெல்லியில் 9.791. டெல்லியில் சரிபார்த்த எலக்ட்ரானிக் தராசை அப்படியே கடலூருக்குக் கொண்டுவந்தால், கிலோவுக்கு ஒரு கிராம் குறைத்துக் காட்டும். இரண்டு தட்டு வைத்த பழைய தராசுக்கு இந்த வம்பு கிடையாது. மீன் பக்கமும் படிக்கல் பக்கமும் ஒரே விகிதத்தில் எடை இழக்குமே.

வலைக்காரர்_மகன் | செவ்வாய் 11:20

அப்ப போட்டுல எலக்ட்ரானிக் தராசு வெச்சா எண்ணு நிக்காம குதிக்குதே, அதுவும் இதுதானா?

ஓய்வுபெற்ற_வாத்தி | செவ்வாய் 11:31

அது அலை. படகு மேலே எழும்பத் தொடங்கும்போது தளம் மீனைக் கூடுதலாகத் தள்ளுகிறது, எடை கூடும். இறங்கத் தொடங்கும்போது குறையும். லிப்ட் மேலே கிளம்பும்போது கால் அமுங்குகிற மாதிரி. கரைக்கு வந்து எடை போடுங்கள். வியாபாரி படகிலேயே போடலாம் என்று சொன்னால், படகு இறங்கத் தொடங்கும்போது எண்ணைப் படிக்கிறாரா என்று பாருங்கள்!

முத்தியால்பேட்டை_நைனா | புதன் காலை 6:15

சரி, சங்கிலி அக்கா சொன்ன 'அடிக்கோடு பத்தல' விஷயத்துக்கு நான் வர்றேன். நான் புதுச்சேரி பீச்சுல நிக்கறேன். கெடிலக்கரை அங்க நிக்கட்டும். நமக்குள்ள 20 கி.மீ. ஒரே நேரத்துல ரெண்டு பேரும் கப்பல் எந்த டிகிரின்னு பாத்தா?

சங்கிலிஅக்கா | புதன் 6:48

பிரமாதம் நைனா. 20 கி.மீ. அடிக்கோடு, 11 கி.மீ. தூரம். கப்பல்கிட்ட உண்டாகிற கோணம் 60 டிகிரிக்கு மேல. போன் ஒரு டிகிரி பொய் சொன்னாலும் தூரத்துல அரை கிலோமீட்டர்கூட தப்பாது. 3 டிகிரிக்கும் 60-க்கும் உள்ள வித்தியாசம் இதுதான்.

ஒரே சிக்கல். உங்களுக்குக் கப்பல் 23 கி.மீ. தள்ளி இருக்கும். பாறை மேல ஏறி நின்னாலும் அடியில 16 மீட்டர் மறைஞ்சிடும். பின்பக்க மேல்தளமும் புகைபோக்கியும்தான் தெரியும். பைனாகுலர் எடுத்துட்டுப் போங்க. வானம் தெளிவா இருக்கணும்.

முத்தியால்பேட்டை_நைனா | வியாழன் காலை 6:35

காந்தி சிலைகிட்ட நிக்கறேன். மூட்டம். சூரியனே தெரியல. கடலுக்கும் வானத்துக்கும் கோடு இல்ல. வாக்கிங் வந்தவங்க, நான் பைனாகுலர்ல எதப் பாக்கறேன்னு பாத்துக்கினு போறாங்க.

கெடிலக்கரை | வியாழன் 6:38

இங்க பளிச்சுன்னு இருக்கு நைனா! கப்பல் ஜம்முனு நிக்குது.

சோழிக்கணக்கு | வியாழன் 9:20

இவ்வளவு நாள் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நைனாவின் பதிவைப் பார்த்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை. உங்களுக்கு நடந்தது இதே புதுச்சேரியில், இதே ஜூன் மாதத்தில், இதே மாதிரி தூரம் அளக்க வந்த ஒருவருக்கு நடந்திருக்கிறது. அவர் அளக்க வந்தது கப்பலை இல்லை, சூரியனை.

பெயர் லெ ழாந்தீல், பிரெஞ்சு வானியலாளர். அப்போது கோள்களின் தூர விகிதம் எல்லாம் தெரியும்: பூமி சூரியனிலிருந்து 1 என்றால் வெள்ளி 0.72, வியாழன் 5.2. அந்த 1 எத்தனை கிலோமீட்டர் என்றுதான் தெரியாது. வரைபடம் இருக்கிறது, அளவுகோல் இல்லை. வெள்ளி சூரியனுக்கு முன்னால் கறுப்புப் பொட்டு மாதிரி கடந்து போகும்போது, பூமியின் வெவ்வேறு மூலைகளிலிருந்து பார்த்தால் அது கடக்கும் பாதை கொஞ்சம் மாறித் தெரியும். கடக்க எடுக்கும் நேரமும் மாறும். சங்கிலி அக்கா சொன்ன அதே விஷயம். அடிக்கோடு மட்டும் 600 மீட்டருக்குப் பதிலாகப் பூமியின் அகலம். அதனால்தான் ஆட்களை உலகத்தின் மூலைமுடுக்குக்கெல்லாம் அனுப்பினார்கள்.

இவர் 1760-ல் பிரான்சிலிருந்து கிளம்பினார், புதுச்சேரிக்கு. கப்பல் மலபார்க் கரையை நெருங்கும்போது, புதுச்சேரியை இங்கிலீஷ்காரன் பிடித்துவிட்டான் என்று செய்தி. திரும்பிவிட்டார்கள். 1761 ஜூன் 6 அன்று அவர் நடுக்கடலில் இருந்தார். வானம் தெளிவு. வெள்ளி கடப்பதைக் கண்ணால் பார்த்தார். ஆனால் தளம் ஆடுகிறது, ஊசல் கடிகாரம் ஓடாது, தான் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறோம் என்றும் சரியாகத் தெரியாது. வலைக்காரர் மகனின் தராசு மாதிரிதான். அளவு பயன்படவில்லை.

அடுத்தது எட்டு வருடம் கழித்து. அதை விட்டால் நூறு வருடத்துக்கு மேல் ஆகும். அவர் ஊருக்குப் போகவில்லை. இந்தியப் பெருங்கடலிலேயே சுற்றினார், மணிலா வரை போனார், 1768-ல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். ஊர் பிரெஞ்சுக்காரர்களிடம் திரும்பி வந்திருந்தது. இடிந்து கிடந்த கோட்டைப் பகுதியில் ஆய்வுக்கூடம் கட்டிக்கொண்டு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார். 1769 ஜூன் 4 விடியற்காலை. முந்தின இரவு வானம் சுத்தமாக இருந்தது. விடியும் நேரத்தில் மேகம் மூடிக்கொண்டது. வெள்ளி கடந்து முடிந்தது. அதற்கப்புறம் மேகம் விலகி வெயில் அடித்தது. மணிலாவில் அன்று வானம் தெளிவாக இருந்ததாம்.

முத்தியால்பேட்டை_நைனா | வியாழன் 9:41

யோவ். என் வயித்தெரிச்சல் ஒண்ணுமே இல்லன்னு ஆயிடுச்சு.

பாகூர்க்காரன் | வியாழன் 9:50

அப்ப தூரம் கடைசில கிடைச்சுதா இல்லையா?

சோழிக்கணக்கு | வியாழன் 10:25

கிடைத்தது. தாகித்தி, வடக்கு நார்வே என்று மற்ற ஊர்களில் பார்த்தவர்களின் அளவை வைத்து லலாந்த் என்ற பிரெஞ்சு வானியலாளர் 1771-ல் போட்ட கணக்கு 15.3 கோடி கிலோமீட்டரை ஒட்டி வருகிறது. நிஜம் 14.96 கோடி. நூற்றுக்கு இரண்டு சொச்சம்தான் பிசகு. கெடிலக்கரையின் ஸ்கேல் கணக்கே நூற்றுக்கு நாலரை தப்பு என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1961-ல் வெள்ளியை நோக்கி ரேடார் அலையை அனுப்பி, திரும்பி வரும் நேரத்தை வைத்துக் கச்சிதமாக்கினார்கள். அதற்குப் பிறகு அடிக்கோடே தேவைப்படவில்லை.

லெ ழாந்தீல் இங்கே சும்மா இருக்கவில்லை. தமிழ்ப் பஞ்சாங்கக் கணக்கைக் கற்றுக்கொண்டார். சோழிகளைத் தரையில் வைத்து நகர்த்தி, எண்களை வாக்கியங்களாக மனப்பாடமாகச் சொல்லிக் கிரகணம் குறிக்கும் முறை. 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடிக்கும் என்பதில் தமிழ் முறை 41 விநாடி தவறியது. ஐரோப்பாவில் அப்போது சிறந்தது என்று சொல்லப்பட்ட மாயரின் சந்திர அட்டவணை 68 விநாடி தவறியது. என் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

சங்கிலிஅக்கா | வியாழன் 1:15

அந்த ரேடார் விஷயம்தான் இன்னைக்கு எங்க வேலையும். டோட்டல் ஸ்டேஷன் ஒளியை அனுப்பி, கண்ணாடியில பட்டுத் திரும்புறதை வெச்சுத் தூரம் சொல்லுது. சங்கிலியை இப்ப யாரும் இழுக்கிறதில்ல. அண்ணனோட எக்கோ சவுண்டரும் அதேதான். ஒளிக்குப் பதிலா சத்தம். தண்ணியில சத்தம் விநாடிக்கு 1,500 மீட்டர் ஓடும். இருபது பாகம் ஆழத்துக்குப் போய்த் திரும்ப விநாடியில இருபதுல ஒரு பங்கு. மீட்டர்ங்கிறதே 1983-லேர்ந்து நேரம்தான்: ஒளி ஒரு விநாடியில 29,97,92,458 மீட்டர் போகும்னு முடிவு பண்ணி வெச்சிட்டாங்க. "ரெண்டு மணி நேர ஓட்டம்"னு சொல்ற போட்டுக்காரர் ஒண்ணும் பழைய ஆள் இல்ல.

வலைக்காரர்_மகன் | வியாழன் 1:30

🙏 இதைப் பிரின்ட் போட்டு போட்டுல ஒட்டப்போறேன்.

கெடிலக்கரை | வியாழன் 7:05

நேத்து ராத்திரி இடி. பையன் மின்னல் பார்த்த உடனே "ஒண்ணு, ரெண்டு"ன்னு எண்ண ஆரம்பிச்சுட்டான். ஒன்பது எண்ணுனதும் இடி கேட்டுச்சு. மூணு விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்னு ஐயா எப்பவோ வேற இழையில எழுதியிருந்தார். மூணு கிலோமீட்டர். அடுத்தது ஆறு எண்ணுனதும் கேட்டுது. "கிட்ட வருது, உள்ள வா"ன்னு அவனே என்னைக் கூப்பிட்டான். 2011-ல 'தானே' புயல் அடிச்ச அன்னைக்கு இவன் பிறக்கவே இல்ல. அன்னைக்கு வீட்டுக்குள்ள உட்கார்ந்து ஓட்டுச் சத்தத்தை வெச்சே காத்து எந்தப் பக்கம் திரும்புதுன்னு எங்கம்மா சொன்னது ஞாபகம் வந்துச்சு.

இன்னும் ஆப்புக்கு யாரு சொன்னாங்கிற கேள்வி பாக்கி.

ஓய்வுபெற்ற_வாத்தி | வியாழன் 8:12

கப்பலுக்கு ஜி.பி.எஸ். சொல்கிறது, கப்பல் வானொலி வழியாக ஊருக்குச் சொல்கிறது. ஜி.பி.எஸ்.-க்கு? 20,200 கி.மீ. உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்கள் 'இப்போது மணி இத்தனை' என்று சொல்லிக்கொண்டே இருக்கின்றன. அந்தச் செய்தி எவ்வளவு தாமதமாக வந்தது என்பதுதான் தூரம். நாலு செயற்கைக்கோள் இருந்தால் இடம் கிடைத்துவிடும். கடிகாரம் விநாடியில் நூறு கோடியில் ஒரு பங்கு தப்பினால் தூரம் 30 செ.மீ. தப்பும்.

இங்கேயும் ஈர்ப்பு விசை வருகிறது. அந்த உயரத்தில் ஈர்ப்பு குறைவு, அதனால் கடிகாரம் கொஞ்சம் வேகமாக ஓடும். வேகமாகச் சுற்றுவதால் கொஞ்சம் மெதுவாகவும் ஓடும். கூட்டிக் கழித்தால் நாளுக்கு விநாடியில் பத்து லட்சத்தில் 38 பங்கு முந்தும். ஐன்ஸ்டைன் கணக்கைப் போட்டு அதைத் திருத்தாமல் விட்டால், ஒரே நாளில் சேரும் தப்பு சுமார் 11 கி.மீ. உங்கள் கப்பல் கரையேறிவிடும்.

முத்தியால்பேட்டை_நைனா | வெள்ளி காலை 6:20

நண்பர்களே, இன்னைக்கு வானம் கண்ணாடி மாதிரி இருக்கு. தொடுவானம் கத்தி வெச்சு வெட்டுன மாதிரி. பைனாகுலர் கையில. கெடிலக்கரை, ரெடியா?

கெடிலக்கரை | வெள்ளி 6:31

நைனா... கப்பலைக் காணோம். ராத்திரியே நங்கூரம் தூக்கிடுச்சு போல. ஆப்ல பார்த்தேன், வடக்கால போயிக்கிட்டு இருக்கு.

முத்தியால்பேட்டை_நைனா | வெள்ளி 6:33

😭😭

சோழிக்கணக்கு | வெள்ளி 7:02

நைனா, ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். லெ ழாந்தீல் 1771-ல் ஊர் போய்ச் சேர்ந்தபோது, அவர் செத்துப்போனதாக முடிவு செய்து சொந்தக்காரர்கள் சொத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சீக்கிரம் வீட்டுக்குப் போங்கள்.